சிறிய வீட்டுக்கு இன்னுமோர் அறை



பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூலில் இலையுதிர் காலத்தைப் பற்றிய பக்கத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் சிவப்புமாய் இலைகள் சொரிந்துகொண்டிருக்கும். கம்பளிச் சட்டை அணிந்த ஒரு குடும்பம் பூங்காவில் உலாவிக்கொண்டிருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை என்று அருகே எழுதியிருக்கும். பிள்ளை தலையை உயர்த்தி வெளியே பார்த்தால், தெருமுனைப் புங்கமரம் மழையில் குளித்துப் பச்சைப்பசேலென நிற்கிறது. அப்படியானால் அந்தக் காலம் நமக்குக் கிடையாதா என்று அது கேட்பது நியாயமே.

உண்டு. ஆனால் நமக்கு அது வேறு முகத்தோடு வருகிறது. குளிர் நாடுகளில் பகற்பொழுது குறையக் குறைய இலையிலுள்ள பச்சை நிறமி சிதைந்து, அதற்கடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது; பின்பு இலை உதிர்கிறது. நம் மரங்கள் இலை உதிர்ப்பது பெரும்பாலும் வறட்சியினால். ஆகவே இலவமும் புங்கமும் தை, மாசி மாதங்களை ஒட்டியே இலைகளை உதிர்க்கின்றன. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது, ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டு மாதங்களுக்குக் கூதிர் காலம் என்று பெயரிட்டனர். குளிர்ந்த காற்றின் காலம் என்பது அதன் பொருள். இம்மாதம் அந்தக் காலத்தின் மாலைப்பொழுதைக் குறித்தும், நம்முடைய சிறிய வீடுகளைக் குறித்தும் உங்களோடு பேச விரும்புகிறேன்.

காற்று மாறும் நாட்கள்

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செப்டம்பரும் அக்டோபரும் இங்கு மிகுதியாக மழை பெய்யும் மாதங்கள். அம்மழை தூசியை அடக்கிவிட்டுப் போகிறது. அதன்பின் பகலில் 27, 28 டிகிரியைப் பெரும்பாலும் தாண்டாத வெயிலும், இரவில் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிரும் அமைகின்றன. வேலூரிலும் திருவண்ணாமலையிலும் சித்திரை வெயிலைத் தலையில் சுமந்து வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஈவு என்று தெரியும்.

இந்நாட்களில் அதிகாலையில் நடப்பவர்கள், சில சாலைகளில் வெள்ளைப் பூக்கள் பாய் விரித்ததுபோல் கிடப்பதைக் காணலாம். அது மரமல்லி. கன்னடர்கள் அதனை ஆகாச மல்லிகை என்று அழைக்கிறார்கள். நீண்ட குழல் போன்ற அந்தப் பூ இரவில் மலர்ந்து, விடியுமுன் உதிர்ந்துவிடும். நவம்பர் கடந்தால் இளஞ்சிவப்புப் பூக்களோடு தபேபுயா மரங்கள் நிற்கும். ஒன்று ஓயும்போது மற்றொன்று பூக்கும்படி மரங்களைத் தெரிந்தெடுத்து இந்நகரத்தின் சாலைகளில் நடும் எண்ணத்தை வளர்த்தவர், 1908-ஆம் ஆண்டில் லால்பாக் தோட்டப் பணிக்கு வந்த ஜெர்மானியராகிய கிரும்பிகல். நமக்கு முன்பே வேறு தேசத்திலிருந்து இங்கு குடிவந்த ஒருவர் விட்டுச்சென்ற நிழலில்தான் நாமும் நடக்கிறோம்.

திண்ணை இல்லாத வீடு

ஊரில் நமக்கு வீடு என்பது நான்கு சுவர்களோடு முடிந்துபோகவில்லை. திண்ணை இருந்தது, புழக்கடை இருந்தது, வேப்பமரத்தடி இருந்தது. கணவனும் மனைவியும் தனித்துப் பேசக் கொல்லைப்புறக் கிணற்றடி இருந்தது. மாமியார் மனம் நொந்தால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். கோபம் ஆறுவதற்கும் இடம் வேண்டுமல்லவா?

நீலசந்திராவில் வாடகைக்கோ போக்கியத்துக்கோ நாம் எடுத்திருக்கும் வீடு பெரும்பாலும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் மட்டுமே. அதற்குள் ஐந்து பேர் இருக்கிறோம். தகப்பன் இரவு முழுவதும் காவல் பணி செய்துவிட்டுக் காலையில் வந்து படுக்கிறார். அப்போதுதான் தாய் கோரமங்களாவில் வீட்டு வேலைக்குப் புறப்படுகிறாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு மூலையில் படிக்கிறது. பாட்டி கட்டிலில் இருமுகிறார். தொலைக்காட்சியோ கைப்பேசியோ இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டில் யாரும் யாரையும் விட்டு இரண்டு அடிக்கு அப்பால் போக முடியாது. ஆயினும் ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரியாமல் மாதங்கள் கடந்துபோகின்றன.

வீடு சந்திப்புக்குச் சென்ற இடத்தில் ஒரு தாய் தன் அனுபவத்தைச் சொன்னார். அவருடைய மகள் சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்குப் போக மறுத்தாள். வீட்டில் எத்தனை முறை கேட்டும், ஒன்றுமில்லை என்ற பதிலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஒருநாள் மாலை மாத்திரை வாங்கக் கடைக்குப் போகையில் அவளையும் உடன் அழைத்துச் சென்றார். திரும்பும் வழியில், பள்ளிக்குப் போகும்போது ஒருவன் தன்னைத் தினமும் பின்தொடர்ந்து வருவதை அவள் சொல்லிவிட்டாள். பாட்டியும் தம்பியும் கேட்டுக்கொண்டிருக்கும் அறையில், தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாததை, இருட்டத் தொடங்கிய தெருவில் முன்னே பார்த்து நடந்தபடி சொல்ல முடிந்தது. மறுநாளே பெற்றோர் பள்ளியில் பேசினார்கள். பிள்ளை காக்கப்பட்டாள். அந்தக் கால் மணி நேர நடை வாய்த்திராவிட்டால் அந்தக் காரியம் எதில் போய் முடிந்திருக்குமோ!

இதனால்தான் மாலை உலாவைச் சிறிய வீட்டின் இன்னுமோர் அறை என்கிறேன். அதற்கு வாடகை இல்லை, முன்பணம் இல்லை. அங்கே கணவன் மனைவியோடும், தாய் மகளோடும், தகப்பன் மகனோடும் தனித்திருக்கலாம்.

சரீரத்துக்கும் அது தேவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ஆம் ஆண்டில் வெளியானது. அதன்படி நம் தேசத்தில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. வயதுவந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நாளொன்றுக்கு அரை மணி நேரமாக வாரத்தில் ஐந்து நாட்கள் விரைந்து நடந்தால் அந்தக் கணக்கு நிறைவேறிவிடும். உணவுக்குப்பின் சிறிது நேரம் நடப்பது இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாமல் தடுக்கிறது.

நம் சகோதரிகள் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறார்கள். ஆனால் தங்களுக்காக நடப்பதில்லை. பால் வாங்க, பிள்ளையை அழைத்துவர, ரேஷன் கடைக்குப் போக என்று எல்லாம் காரியத்துக்கான நடை. கையில் பையில்லாமல் ஒரு பெண் தெருவில் நடந்தால், எங்கே போகிறாய் என்று நாலு பேர் கேட்கிறார்கள். கணவன்மாரே, உங்கள் மனைவி கையில் ஒன்றுமின்றி உங்களோடு நடந்து எத்தனை நாட்களாயின என்று எண்ணிப்பாருங்கள்.

நேரம் எங்கே என்பவர்களுக்கு

விசுவாசிகளில் சிலர், இது உலகப்பிரகாரமான பொழுதுபோக்கு அல்லவா என்று தயங்குகிறார்கள். ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானிக்க வெளியே போனதை ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். எம்மாவுக்குப் போன சீஷர் இருவரும் தங்கள் துக்கத்தையெல்லாம் பேசித் தீர்த்தது, ஏறக்குறைய 11 கிலோமீட்டர் வழிநடையில்தான். ஆண்டவர் அவர்களோடு சேர்ந்துகொண்டதும் அந்த நடையிலேயே.

வேறு சிலர், மாலைதோறும் கூட்டம் இருக்கிறதே என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. உபவாச ஜெபம், வீட்டு ஜெபக்கூட்டம், வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கியம், பாடல் பயிற்சி என்று வாரத்தின் மாலைகள் நிரம்பிவிடுகின்றன. உடன் ஊழியர்களுக்கு அன்போடு ஒன்று சொல்கிறேன். வாரத்தில் ஒரு மாலையையாவது சபை குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தகப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்ளாத வீட்டில் குடும்ப ஜெபம் வெறும் வழக்கமாகிவிடும்.

எங்கே நடப்பது?

லால்பாக் போகலாம். 240 ஏக்கர் தோட்டமும், ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையானதென்று சொல்லப்படும் அந்தப் பெரும்பாறையும் பிள்ளைகள் காணவேண்டியவை. ஆனால் அது மாதத்துக்கு ஒருமுறை. தினசரி நடைக்கு நம் தெருக்களே போதும்.

சந்தை வீதியில் நடக்கும்போது பெயர்ப் பலகைகளைப் பிள்ளைகளோடு வாசியுங்கள். கருநாடகத்தில் 2024-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்கவேண்டும். பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளை உங்களுக்கு அந்த எழுத்துகளைச் சொல்லித்தரட்டும். அதே பெயரைத் தமிழில் எழுதுவது எப்படியென்று நீங்கள் அதற்குச் சொல்லித்தாருங்கள். ஆசிரியரும் மாணவரும் மாறி மாறி அமரும் பள்ளி இது. கட்டணமும் இல்லை.

இந்த ஊரின் கதையையும் சொல்லுங்கள். நம்மில் பலர் தகரப் பெட்டியோடு வந்திறங்கிய மெஜஸ்டிக் பேருந்து நிலையம் ஒருகாலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் மேல் இருக்கிறது. அசோக் நகரின் கால்பந்து அரங்கம் சூளை ஏரியின் இடம். சாந்தி நகர்ப் பக்கத்து ஹாக்கி அரங்கம் அக்கித்திம்மனஹள்ளி ஏரி இருந்த இடம். ஈஜிபுராவுக்கு அருகே எஸ்.டி. பெட் என்று வழங்கும் குடியிருப்பின் பெயரே சீனிவாகிலு ஏரிப் படுகை என்பதன் சுருக்கம். பெருமழை பெய்தால் அங்கே ஏன் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்பது இப்போது பிள்ளைக்கு விளங்கும். தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது. தான் வாழும் ஊரை இப்படி அறிந்த பிள்ளை அங்கே அந்நியனாக வளராது.

மழை விடாத மாலை

ஐப்பசி மழை சில நாட்கள் வெளியே விடாது. துவைத்த துணி அறைக்குள்ளேயே கொடியில் தொங்கும், சீருடை காயாது, சுவரில் ஈரம் ஏறும், எல்லாருக்கும் எரிச்சல் வரும். அந்த மாலைகளில் கைக்கு ஒரு பொதுவான வேலை கொடுங்கள். வேகவைத்த வேர்க்கடலையை நடுவில் வைத்து உரித்துக்கொண்டே பேசுங்கள். பூண்டு உரிப்பதும் கீரை ஆய்வதும் தாய்க்கு மட்டும் உரியவை என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. சுக்குக் காப்பி ஆறுமுன் பாட்டியிடம் அவருடைய ஊர் மழையைப் பற்றிக் கேளுங்கள். நடக்கும்போது தோளோடு தோள் நின்று பேசுவதுபோலவே, கைகள் வேலை செய்யும்போதும் நாவின் கட்டு அவிழ்கிறது.

இம்மாதம் செய்து பாருங்கள்

1. வாரத்தில் மூன்று மாலைகளேனும் இருபது நிமிடங்கள் நடக்கத் தீர்மானியுங்கள். நவம்பரில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்குவதால், விளக்குள்ள தெருவையே தெரிந்துகொள்ளுங்கள்.

2. எல்லாரும் ஒன்றாகப் போகவேண்டியதில்லை. இருவர் இருவராகப் போங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் முறை வரட்டும். இரவுப் பணி செய்பவர்களுக்கு விடுமுறை நாளின் காலை உகந்தது.

3. கைப்பேசியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அவசரத்துக்கு ஒன்று வேண்டுமானால் அது பெரியவரின் சட்டைப்பையில் இருக்கட்டும்.

4. நடக்கும்போது மதிப்பெண்ணையும் கடனையும் பற்றிப் பேசாதிருங்கள். முதலில் கேளுங்கள். பிள்ளை பேசாமல் வந்தால் நீங்களும் பேசாமல் நடங்கள். அதுவும் பேச்சுதான்.

5. பெருமழையில் ராஜகால்வாய் ஓரத்திலும் தண்ணீர் தேங்கிய தெருவிலும் நடக்கவேண்டாம். தண்ணீருக்கடியில் திறந்த சாக்கடை இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

பெரிய வீடு வாங்கினால் குடும்பம் சந்தோஷமாயிருக்கும் என்று அநேகர் பாடுபடுகிறார்கள். அது நல்ல நோக்கமே. ஆனால் அந்த வீடு கைக்கு வருமுன் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள், பெற்றோர் முதிர்ந்துவிடுவார்கள். இந்தக் கூதிர்காலமோ இரண்டு மாதத்தில் கடந்துபோகும். மழை விட்டிருக்கும் இன்றைய மாலையிலேயே, உங்களோடு நெடுநாளாய் மனம்விட்டுப் பேசாத ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, கொஞ்சம் நடந்துவிட்டு வருவோமா என்று கேளுங்கள்.