மலையில் மழை, ஊரில் வெள்ளம்!

"வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மழை எச்சரிக்கை எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

கருணாபுரம் இருக்கும் கள்ளக்குறிச்சி நகரத்தைப் பாருங்கள். மேற்கே கல்வராயன் மலை. அங்கே பெய்யும் மழை கோமுகி அணைக்கு வருகிறது. அணை நிரம்பினால் உபரி நீர் ஆற்றில் இறங்கும். ஊரில் ஒரு தூறல்கூட விழாமல் இருக்கலாம். ஆனாலும் ஆறு பெருகும்!

2024-ம் ஆண்டு இதைக் கண்ணாரக் கண்டோம். பெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தத் தண்ணீரும் சேர்ந்து சாத்தனூர் அணை நிரம்பியது. டிசம்பர் 2-ந் தேதி அதிகாலை, வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்து விடப்பட்டது. ஊர் தூங்கும் நேரம் அது. தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது.

வானிலை இலாகா நிறம் சொல்லி எச்சரிக்கிறது. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரலாம், உடனே செயல்படுங்கள்.

நிறம் மட்டும் போதுமா? போதாது. "அணை திறக்கிறது. இத்தனை மணிக்கு வெள்ளம் வரும். இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்" என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். பொழுது சாயும் முன்பே சொல்ல வேண்டும்.

நமக்கும் பொறுப்பு உண்டு. ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒரே பையில் வையுங்கள். தலைக்கு மேல் வானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. மலைமேல் திரளும் மேகத்தையும் பாருங்கள்!