ஓட்டைக் குடத்தின் கணக்கு

சென்ற வாரம் ஒரு வைத்தியசாலையில், மருந்து கொடுக்கும் ஜன்னலண்டை முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். நமக்கு முன்னால் நின்ற பெரியவர், உள்ளேயிருந்த சிப்பந்தியின் சோம்பேறித்தனத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். நாமும் தலையை ஆட்டினோம். அந்தச் சிப்பந்தி ஒரு நிமிஷமும் சும்மா இருக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தோம். அப்படியானால் குற்றம் யாருடையது?

இத்தகைய கேள்வியைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்து வழிகாட்டியவர் டென்மார்க் தேசத்து ஏர்லாங் என்பவர். நம்மைப் போல் அவரும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவரே. 1908-ஆம் வருஷம் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார். மறு வருஷமே டெலிபோன் அழைப்புகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். அழைப்பவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசிக்கொண்டு அழைப்பதில்லை; ஆகையால் அழைப்புகள் சில சமயம் கும்பலாக வரும், சில சமயம் வரவே மாட்டா. இதுவே அவருடைய கணக்கின் அஸ்திவாரம்.

அடியில் சிறு ஓட்டையுள்ள ஒரு குடத்தை நேயர்கள் மனத்தில் எண்ணிக்கொள்ளட்டும். தண்ணீர் ஒரே சீராக ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதுதான் சிப்பந்தியின் உழைப்பு. புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம், அவருடைய வேலை ஒரு சொம்புத் தண்ணீராக விழுகிறது. மட்டம் திடீரென்று துள்ளி உயர்கிறது. வருகிறவர், அப்போது குடத்திலுள்ள நீர் முழுதும் ஒழுகும் வரையில் காத்திருக்க வேண்டும். குடம் காலியாக இருந்த நேரத்தையோ சேமித்து வைத்துப் பிற்பாடு செலவழிக்க முடியாது. தொல்லையெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

ஒருவருக்கு மருந்து கொடுக்கச் சராசரி 3 நிமிஷம் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். சிலருக்குக் குறைவாகவும் சிலருக்கு மிக அதிகமாகவும், நியதியின்றி ஆகலாம். மணிக்கு 20 பேரை அனுப்பலாம். மணிக்கு 10 பேர் வந்தால், சராசரி 3 நிமிஷம் காத்திருந்தால் போதும். 16 பேர் வந்தால் 12 நிமிஷம். 18 பேரானால் 27 நிமிஷம். இன்னும் ஒரே ஒருவர் கூடி 19 பேரானாலோ 57 நிமிஷம்!

எல்லாருக்கும் சரியாக மும்மூன்று நிமிஷமே ஆகுமானால், இந்தக் காத்திருப்பு பாதியாகும். 1930-இல் பொல்லாச்செக் என்பவரும், 1932-இல் ருஷ்யாவின் கின்சினும் தந்த சூத்திரத்திலிருந்து இது தெரிகிறது. ஆனால் நோயாளிகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லவே!

இன்னொரு ஜன்னலைத் திறந்து, ஒரே வரிசையிலிருந்து இரண்டுக்கும் ஆட்களை அனுப்பினால் என்ன ஆகும்? அந்த 19 பேருக்குக் காத்திருப்பு ஒரு நிமிஷத்துக்கும் குறைந்துவிடுகிறது. உடனே நிர்வாகிகள், “இரண்டு சிப்பந்திகளும் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்களே!” என்பார்கள். வாஸ்தவம். ஆனால் ஒருவரையே ஓயாமல் உழைக்க வைப்பதனால் மிஞ்சுகிற சம்பளத்துக்கு, ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் தங்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள். நமக்குப் போனது முக்கால் மணி நேரம். பின்னால் குழந்தையைத் தோளில் சுமந்து நின்ற தாய்க்கோ அரை நாள் கூலியே போயிருக்கலாம்.

மருந்தை வாங்கிக்கொண்டு அந்தச் சிப்பந்திக்கு ஒரு வந்தனம் சொன்னோம். பிறகு, இரண்டாவது ஜன்னல் வேண்டுமென்று ஒரு மனு எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தோம். பிரசங்கம் செய்த பெரியவரும் அதில் கையெழுத்திட்டார்.