ஆட்டம் மேடையேறியது, ஆடியவர் எங்கே?

காரியாபட்டி வட்டாரத்துப் பொங்கல் விழாக்களில் கண்ட ஒயிலும், சாவு வீட்டில் அடித்தே தீரவேண்டுமென்று ஒரு சாராரின் தோளில் சுமத்தப்பட்ட பறையும், இன்று நகரத்து அரங்குகளில் நவீன நாட்டிய நாடகமாக மலர்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் சதிர் பட்ட பாட்டை மறக்கலாமோ?

1930களில் அது பரத நாட்டியமென்று பெயர் பெற்றது. 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரம் கண்டார். தேவதாசி முறையை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஒழிக்க வேண்டிய கொடுமையே அது! ஆயினும், கலையைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்த குலத்துப் பெண்களிலே, பாலசரசுவதி போன்ற சிலரன்றி மேடையில் நின்றவர் யார்? சலங்கை கைமாறிற்று; சதங்கைக்குரியவள் வாசலுக்கு வெளியே நின்றாள்.

2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் சிற்றூர்க் கலைஞரையே தலைநகருக்கு அழைத்தது. நாடகக் குழுவினரும் அவ்வழி நடக்கட்டும். பறையடிப்பவனிடம் அடவு கற்றால், விளம்பரத்தில் அவன் பெயர், வருவாயில் அவன் பங்கு, முதற்காட்சி அவன் ஊரார் முன்னிலையில்!