கண்ணாடித் தொட்டியும் காயலும்

மெக்சிகோவின் ஆக்சலாட்டில் என்னும் சாலமாண்டர் உலகெங்கும் ஆய்வகத் தொட்டிகளில் ஆயிரக்கணக்கில் வாழ்கிறது. அதன் தாயகமான சோச்சிமில்கோ கால்வாய்களிலோ 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்றிருந்த எண்ணிக்கை 2014இல் 36 ஆனது. இனம்தான் அழியவில்லையே என்று ஆறுதல் கொள்வோரைப் பழவேற்காட்டுக்கு அழைக்கிறோம்.

காட்டூர் போன்ற ஊர்களையொட்டிக் கிடக்கும் இக்காயல், சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆற்றுநீரும் முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரும் கலப்பதால்தான் இங்கே இறாலும் நண்டும் உண்டு. பூநாரைக்கு இரையும் உண்டு. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டமிட்டார்கள். கடலோர மணல் வடக்கு நோக்கி நகரும் கரை இது. அலைதடுப்புச் சுவர் எழுந்தால் அதற்கு வடக்கே கரை அரிக்கும், முகத்துவாரமும் தப்பாது. எதிர்ப்புக்கிடையே கருத்துக்கேட்புக் கூட்டம் 2021இலும் 2023இலும் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைப்பது கைவிடுவதாகாது.

வேலை தருகிறோம், வேறிடத்தில் அலையாத்தி நடுகிறோம் என்பவை இத்தகைய திட்டங்களோடு வழக்கமாக வரும் சமாதானங்கள். அவையும் கண்ணாடித் தொட்டிகளே. யார், எந்நாள், எவ்விடத்தில் வலையிடுவது என்று ஏரி மீனவர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கத்தை எந்தத் தொட்டியில் இட்டு வளர்ப்பது? நீர் போனால் முறையும் போகும்.

ஐந்திணை பேசிச் சலிக்காத நாம், நெய்தல் நிலம் கைமாறும்போது வாய்மூடியிருந்தால், நம் இலக்கியப் பெருமிதமும் தொட்டியில் நீந்தும் உயிர்தான்.