பிழை எவ்விடத்தது?

பழைய ஏடுகளையும் மலர்களையும் படம்பிடித்துக் கணினியில் ஏற்றி வைக்கும் வழக்கம் இந்நாளில் நம்மிடையே பெருகி வருகின்றது. மகிழத் தக்க செய்தியே. கெலிஓயாவிலும் கம்பளையிலும் கண்டி நகரிலும் யான் அறிந்த ஆசிரியர் சிலர், பாடசாலை மலர், கையெழுத்துச் சஞ்சிகை, மணவாழ்த்து மடல், தோட்டத்துப் பாட்டின் ஒலிப்பதிவு ஆகிய யாவற்றையும் ஒரு சிறு பெட்டியிற் சேர்த்து வைத்துள்ளனர். பெட்டி என்று யான் கூறுவது, இரண்டோ நான்கோ வன்தட்டுகளைத் தன்னகத்தே கொண்டு, வீட்டின் இணையத் தொடுப்போடு பிணைக்கப்பெற்று, வீட்டிலுள்ளார் அனைவர்க்கும் கோப்புகளை எடுத்து வழங்கும் சேமிப்புச் சேவையகத்தை. கடைத்தெருவில் இதனை 'நாஸ்' என்பர்.

பெட்டியை வாங்குவதிற் காட்டும் ஊக்கத்தை அதனைப் பேணுவதில் நம்மவர் காட்டுவதில்லை என்பதே என் குறை. செந்நிற விளக்கு எரிந்த மாத்திரத்தே ஒரு சாரார் தட்டைக் கழற்றி எறிகின்றனர். மற்றொரு சாரார் விளக்கின்மேல் காகிதத் துண்டொன்றை ஒட்டிவிட்டு உறங்கச் செல்கின்றனர். பிழை எவ்விடத்தது என்று வினவுவார் மிகச் சிலர். அவ்வினாவோ தமிழ் கற்றார்க்குப் புதியதன்று.

1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும், அதே ஆண்டிற் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் அவர்களும் எதிர்கொண்ட சுவடிகளை எண்ணிப் பாருங்கள். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் ஒரே கொம்பாற் குறிக்கப்படும். ரகரமும் காலும் ஒரே வடிவாய் நிற்கும். போதாக்குறைக்குச் செல்லரித்த துளைகள் வேறு. ஒரு சொல் பொருள்படவில்லையாயின் பதிப்பாசிரியர் உடனே நூலாசிரியர் மீது பழி போடுவதில்லை. ஓலை பழுதுற்றதா, எழுதினோன் கை வழுவியதா, படிப்போன் கண் மயங்கியதா என்று ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, பிற படிகளோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறுவார். வன்தட்டுப் பெட்டி காட்டும் பிழையையும் அம்முறையில் அணுகுதல் வேண்டும் என்பது என் கருத்து. கணினி நூல் பயின்றோர் நகைப்பாராயின் நகைக்கட்டும்.

வன்தட்டு ஒவ்வொன்றும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கின்றது. 'ஸ்மார்ட்' எனப்படும் அக்குறிப்பைப் பெட்டியின் மேலாண்மைப் பக்கத்தில் எவரும் திறந்து பார்க்கலாம். அதில் வரிசை எண்ணிட்ட பல செய்திகள் உள. பெரும்பாலானவற்றை நாம் பொருட்படுத்த வேண்டுவதில்லை. சிலவற்றை மட்டும் அறிந்திருத்தல் தகும். ஐந்தாம் எண், பழுதுற்ற இடங்களுக்கு மாற்றாகத் தட்டு தன் சேமவிடத்திலிருந்து எத்தனை இடங்களை எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்வது. 197 ஆம் எண், படிக்க இயலாது ஐயத்தில் நிற்கும் இடங்களைச் சொல்வது. இவை இரண்டும் நாள்தோறும் ஏறுமாயின் தட்டின் இறுதிக்காலம் அணுகிற்று என்று கொள்க. 199 ஆம் எண்ணின் கதை வேறு. தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே செல்லும் வழியிற் செய்தி சிதைந்த தடவைகளை அது எண்ணுகின்றது. தட்டு நலமாகவே இருக்க, வடம் தளர்ந்திருப்பினும் அது ஏறும்.

என் பழைய மாணவர் ஒருவர், பழைய கணினியொன்றைக் கொண்டு தாமே பெட்டி அமைத்தவர், இந்த 199 ஆம் எண் ஏறியமை கண்டு கலங்கினார். கடைக்காரர் ஒருவர் புதுத்தட்டு வாங்குமாறு சொன்னாராம். வாங்கினார், பிழை நிற்கவில்லை. இரண்டாவது தட்டையும் வாங்க எண்ணிய வேளையிலே என்னிடம் வந்தார். "ஐயா, இரண்டு தட்டுக்கும் பொதுவாய் இருப்பது என்ன?" என்று என் முன்னேயே தம்மைத் தாம் கேட்டுக்கொண்டார். வடம்! மகாவலிக் கரையிலுள்ள நம் ஊரின் ஈரலிப்பிற் செப்பும் பித்தளையும் என்ன பாடுபடும் என்பதை இங்கு குடியிருப்போர் அறிவர். வடத்தை மாற்றினார், எண் அப்படியே நின்றது. அது குறைவதில்லை என்பதை ஈண்டுச் சொல்லிவைக்கின்றேன். 199 ஆம் எண் ஏறினால் ஏறினதே. மேலும் ஏறாமல் நிற்றலே நலத்தின் அறிகுறி.

மின்சாரத்தின் கொடுமையைப் பற்றி இலங்கையர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையால் தீவு முழுதும் விளக்கணைந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்னிழந்த பெட்டி, மின் மீண்டதும் தன் தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கத் தொடங்கும். அதற்குப் பல மணிநேரம் செல்லும். அவ்வேளையில் பெட்டி ஆமைபோல் நகரும். இதனைப் பழுதென்று கருதி மறுபடியும் மின்னை நிறுத்துவோர் உளர். தொடங்கிய வேலை கெட்டு மீண்டும் முதலிலிருந்து! சிறு யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி, அதன் தொடுப்பு வடத்தையும் பெட்டியிற் செருகிவிட்டால், மின்கலம் தீருமுன் பெட்டி தானே முறைப்படி அடங்கிக்கொள்ளும்.

இனி, நம்மவரிடையே வேரூன்றிய ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். 'என் பெட்டியில் இரண்டு தட்டு. ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் எழுதப்படும். ஆதலால் என்னிடம் இரண்டு பிரதி உண்டு' என்பார் பலர். ஆடியில் தோன்றும் உருவம் இரண்டாம் ஆள் ஆகுமா? முதல் தட்டில் ஒரு கோப்பை அழித்தால் அந்நொடியே இரண்டாம் தட்டிலும் அது அழியும். ஒரு தட்டு செத்தாலும் பெட்டி நிற்காமல் ஓடுவதற்கென்றே அவ்வேற்பாடு. கை தவறியதையும் கள்வர் செய்ததையும் அது தடுக்காது. 2021 சூன் மாதத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' என்னும் பழைய சேமிப்புப் பெட்டிகளைப் பல நாடுகளில் வைத்திருந்தோர் ஒருநாள் விழித்தெழுந்தபோது அவை வெறுமையாய் இருக்கக் கண்டனர். பெட்டியைத் துடைத்துப் புதிதாக்கும் கட்டளைக்குமுன் கடவுச்சொல் கேட்க வேண்டிய மென்பொருள் வரிகள் செயலற்று விடப்பட்டிருந்தமை பின்னர் வெளிவந்தது.

இரண்டு தட்டும் ஒவ்வாமற் போனால் எது மெய் என்பது மற்றொரு சிக்கல். இரண்டே சுவடி கிடைத்து, அவையும் பாடம் மாறுபட்டால் பதிப்பாசிரியர் படும் பாட்டை இங்கே பெட்டி படுகின்றது. முப்பத்திரண்டு எழுத்தை ஒரு கிரந்தமாகக் கொண்டு நூலின் அளவைக் குறித்துவைத்தல் நம் முன்னோர் வழக்கு. ஏடு குறைந்ததா மிகுந்ததா என்பதை அதனால் அறியலாம். இக்காலத்து 'இசட்.எப்.எஸ்.', 'பி.டி.ஆர்.எப்.எஸ்.' முதலான கோப்பமைப்புகள் அதனினும் நுட்பமாக, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பெண்ணை எழுதிவைக்கின்றன. ஓரெழுத்துத் திரிந்தாலும் எண் ஒவ்வாது. எந்தத் தட்டிலுள்ளது திரிந்தது என்பதும் விளங்கிவிடும். பெட்டி வாங்குவோர் விலையைக் கேட்குமுன் இவ்வசதி உண்டோ என்று கேட்பாராக.

இதுகாறும் கூறியவை உலகத்தார் அனைவர்க்கும் பொதுவானவை. தமிழர்க்கே உரிய இடர் ஒன்றுண்டு. அதனைப் பற்றி நம் அறிஞர் ஏன் வாய் திறப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

'கொழுந்து' என்று எழுதுகின்றோம். முதலெழுத்து ககர மெய்யும் ஒகர உயிரும் கூடிய ஒரே எழுத்து. கொம்பும் காலும் வரிவடிவத்தின் உறுப்புகள். அவற்றுக்கெனத் தனியொலி இல்லை. இலக்கணம் கற்ற சிறுவனும் இதை அறிவான். ஆனால் ஒருங்குகுறியில் இவ்வோரெழுத்தை இருவகையாக எழுத இடமுண்டு. ககரத்தின் பின் 'ஒ'காரக் குறியை ஒரே குறியாக இடலாம்; கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாக இரு குறியாகவும் இடலாம். கண்ணுக்கு அணுவளவும் வேறுபாடில்லை. இவ்விரண்டும் ஒன்றே என்று ஒருங்குகுறி விதியே கூறுகின்றது. ஆயின் அவ்விதியைக் கைக்கொள்ளாத மென்பொருள்கள் உள. ஆப்பிள் நிறுவனம் 2017 இல் புதிய கோப்பமைப்புக்கு மாறும் வரை, அதன் மாக் கணினிகள் கோப்பின் பெயரைப் பிரித்தெழுதியே வைத்தன. விண்டோஸ் கணினியில் தட்டெழுதுவோர் பெரும்பாலும் சேர்த்தெழுதிய வடிவையே பெறுகின்றனர். நம் பெட்டிகள் பலவற்றுள் இருக்கும் லினக்ஸோ எழுத்தை நோக்காது, அதன் அடியிலுள்ள எண்களையே நோக்குகின்றது. எண் வேறு, ஆகவே பெயர் வேறு என்பது அதன் துணிபு.

இதனால் விளைந்த கேடு ஒன்றைக் கூறுகின்றேன். தோட்டமொன்றிற் கங்காணியாய் இருந்து மறைந்த ஒரு பெரியவர் பாடிய பாட்டுகளை அவர் மக்கள் பதிவு செய்திருந்தனர். மகள் இங்கே ஒரு தடவை பதிந்தார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மூத்த மகன் வேறொரு தடவை பதிந்து, ஊர் திரும்பியபின் தம் பழைய மாக் கணினியிலிருந்து நேரே பெட்டிக்குப் படியெடுத்து அனுப்பினார். இருவரும் இட்ட பெயர் 'கொழுந்துப் பாட்டு' என்பதே. இளைய மகன் பெட்டியைத் திறந்தபோது ஒரே அடைவில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நின்றன. ஒரு பெயரில் இரண்டு கோப்பு இருத்தல் இயலாதென்று எல்லோரும் கற்றிருக்கின்றோம் அல்லவா? மென்பொருள் ஒன்றையே இருமுறை காட்டுகின்றது என்று கருதி ஒன்றை அழித்தார். இரண்டாம் தட்டிலும் அது அக்கணமே அழிந்தது. அழிந்தது மூத்தவரின் பதிவு. தந்தையார் வேறெங்கும் பாடாத இரண்டு கண்ணிகள் அதில் இருந்தன என்று மகள் சொல்கின்றார். அவை மீளவில்லை.

அச்சிறுவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தட்டும் வடமும் பிழை செய்யவில்லை. ஓரெழுத்தை ஓரெழுத்தாகக் கொள்ளாத மென்பொருளின் பிழை அது. அவ்வாறு இருவகை எழுத்து உண்டென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்காத தமிழாசிரியர் கூட்டத்துக்கும் அதிற் பங்குண்டு.

மென்பொருளை மட்டும் பழித்தலும் நேர்மையன்று. 'ஔவையார்' என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டெழுதி 'ஒளவையார்' ஆக்குவோர் நம்மிடையே எத்துணையர்! 'கௌரவம்' கொம்பு, ககரம், ளகரம் என மூன்றாய் உடைந்து 'கெளரவம்' ஆகின்றது. இவற்றை ஒன்றென்று எந்த விதியும் கொள்ளாது; தேடினால் அகப்படா. ஏட்டில் ரகரமும் காலும் மயங்கிய பழைய கதை புதுவேடம் பூண்டு வந்திருக்கின்றது. எகர ஒகரங்களின் குறில் நெடிலைக் கொம்பில் வேறுபடுத்திக் காட்டிய வீரமாமுனிவர் இதைக் கண்டால் என்ன சொல்வாரோ! பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிற் பெயரிட்ட கோப்புகளோ ஆங்கில எழுத்துகளின் குப்பையாய்க் காட்சி தரும். அவற்றை மாற்றுதற்குக் கருவிகள் எளிதிற் கிடைக்கின்றன.

பெயரின் நீளமும் ஓர் இடரே. லினக்ஸ் கோப்பமைப்பு பெரும்பாலும் ஒரு பெயருக்கு 255 பைட்டுக்கு மேல் இடந்தராது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு செல்லும். 'இலக்கணச்சுருக்கம்' என்னும் சொல்லில் எழுத்து பதினொன்று, கணினிக் கணக்கிற் குறி பதினேழு, பைட்டு 51. நூற்பெயர், ஆசிரியர், ஊர், ஆண்டு அனைத்தையும் கோப்பின் பெயரிலேயே ஏற்ற விழைவோர் 'எழுத இயலவில்லை' என்ற செய்தியைக் கண்டு தட்டைச் சந்தேகிக்கின்றனர். கோப்புக்கு எண்ணிட்டு, முழு விவரத்தைத் தனிப் பட்டியலில் எழுதுக. 2005 இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றிவரும் 'நூலகம்' ஒவ்வோர் ஆவணத்துக்கும் எண்ணிட்டே வைக்கின்றது.

அந்நூலகத்தின் பெயரைச் சொன்னதும் 1981 சூன் முதல்நாளை ஒட்டி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் நினைவுக்கு வாராதிருக்குமா? ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கே அழிந்தன. பிறிதோரிடத்திற் படியிருந்த நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் படியாய் இருந்தவை போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மகாவலி பெருக்கெடுத்ததையும் மண்சரிவுகளையும் நம் கண்டி மாவட்டத்தார் மறக்கவில்லை. சரிபார்ப்பெண்ணும் யூ.பி.எஸ்.ஸும் வெள்ளத்தில் என் செய்யும்? ஒரு படி வேறூரில் இருத்தல் வேண்டும். கெலிஓயாவில் இருப்பவர் கம்பளையில் வைப்பதிற் பயனில்லை; அதுவும் அதே ஆற்றங்கரை.

நம் பாடசாலைத் தமிழ் மன்றங்கள் தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவரைத் தெரிவு செய்கின்றன. நான்காமவராக 'ஏடு காப்போர்' ஒருவரையும் மாணவருள் தெரிவு செய்யுமாறு வேண்டுகின்றேன். தட்டுகளின் குறிப்பை மாதம் ஒருமுறை படித்து ஐந்தாம், 197 ஆம், 199 ஆம் எண்களைக் கொப்பியில் எழுதிவைத்தல் அவர் கடமை. அழிக்குமுன் இரு கோப்புகளையும் திறந்து பார்த்தலும், தவணைக்கு ஒருமுறை சேமப்படியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை எடுத்துத் திறக்கின்றதா என்று சோதித்தலும் அவர்க்குரியன. புதியன சேர்ந்த தட்டை ஆசிரியர் துணையோடு வேறூருக்குக் கொண்டுபோய், அங்குள்ள பழையதை மாற்றிக்கொண்டு வருதல் வேண்டும். ஆகும் செலவு, ஒரு தட்டின் விலையும் மாத்தளைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமும்.