ஸ்டார் ரேட்டிங்ல கணக்குல வராத ஆள்

எங்க பேட்ச் வாட்ஸப் குரூப்ல மூணு வாரமா ஒரே பஞ்சாயத்து. ஒரு நண்பர் எலக்ட்ரிக் எஸ்.யூ.வி வாங்கப் போறார். மஹிந்திரா எக்ஸ்.இ.வி 9இ-யா, பி.எம்.டபிள்யூ ஐ.எக்ஸ்.1-ஆ? நேத்து ராத்திரி என் பக்கம் திரும்பிட்டாங்க. "நீ வலங்கைமான்ல இருக்கியே, டெல்டா ரோட்டுக்கு எது சரிவரும்?"

குரூப்ல பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன். நீண்டுடுச்சு. நிறைய பேர் இதே கேள்வியோட சுத்துறீங்க. அதனால இங்கயே இழையா போடுறேன்.

முதல்ல ஒரு சுவாரஸ்யம். ரெண்டு காருக்கும் பூர்வீகம் ஒண்ணுதான், செங்கல்பட்டு பக்கத்து மஹிந்திரா சிட்டி. பி.எம்.டபிள்யூ-வோட சென்னைத் தொழிற்சாலை 2007லேருந்து அங்க இருக்கு, ஐ.எக்ஸ்.1 அங்கதான் பூட்டப்படுது. மஹிந்திராவோட ஆராய்ச்சி மையமும் அதே வளாகம். 9இ-க்கான பொறியியல் வேலை அங்க நடந்தது, உற்பத்தி மட்டும் மகாராஷ்டிராவில். ஆக "சொந்த ஊர் வண்டி"ங்கற வாதம் ரெண்டுக்கும் செல்லும். அதை விட்டுடுங்க.

விலை? 9இ பெரிய பேட்டரியோட, எல்லா வசதியோட 30.5 லட்சம். ஐ.எக்ஸ்.1 49 லட்சம். ரெண்டும் அறிமுகமானப்போ சொன்ன ஷோரூம் விலை. 9இ 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 6.8 விநாடி. ஐ.எக்ஸ்.1-க்கு 8.6. குரூப்ல இந்த 1.8 விநாடிக்காக ஒரு எலும்பு முறிவு நிபுணரும் ஒரு மயக்க மருந்து நிபுணரும் பேச்சுவார்த்தையையே நிறுத்திட்டாங்க. கும்பகோணத்திலேருந்து வலங்கைமான் வழியா நீடாமங்கலம் போற ரோட்ல அந்த 1.8 விநாடியை எங்க செலவு பண்றதுன்னு யாராவது காட்டுங்க, பார்க்கலாம்.

அப்புறம் பாதுகாப்பு. எல்லாரும் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணுதான்: பாரத் என்கேப்ல 9இ-க்கு அஞ்சு ஸ்டார். பெரியவங்க பாதுகாப்புக்கு 32க்கு 32. குழந்தைகளுக்கு 49க்கு 45. பிரமாதம், மறுக்கல.

ஆனா அந்த 32 யாரோட மதிப்பெண்? உள்ள உட்கார்ந்திருக்கிறவரோடது. குழந்தைக்கான 45ம் உள்ள இருக்கிற குழந்தையோடது. வெளியில இருக்கிறவருக்கு அந்த அட்டையில ஒரு கட்டமே கிடையாது. முன்பக்க வடிவமைப்பு பாதசாரி விதியை நிறைவு செஞ்சிருக்கணும்னு ஒரு நிபந்தனை இருக்கு, மதிப்பெண் இல்ல. ஐரோப்பாவுல இதுக்குத் தனிப் பாடம் உண்டு. 2022ல பி.எம்.டபிள்யூ எக்ஸ்1-ஐ யூரோ என்கேப் சோதிச்சப்போ, நடந்து போறவங்க, சைக்கிள்ல போறவங்க பாதுகாப்புக்கு 76 சதவீதம்னு தனியா போட்டாங்க. நம்ம ஊர்லயும் அப்படி ஒரு பாடத்தைச் சேர்க்க வரைவு வந்திருக்கு. வரட்டும்.

அதுக்குள்ள இந்தக் கணக்கைப் பாருங்க. 2022ல இந்தியச் சாலைகள்ல செத்தவங்க 1,68,491 பேர். அதுல டூ வீலர்ல போனவங்க 44.5 சதவீதம். நடந்து போனவங்க 19.5. சேர்த்தா நூத்துக்கு 64 பேர். அந்த வருஷம் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்மதுதான்: 64,105 விபத்து, 17,884 சாவு. உங்க அஞ்சு ஸ்டார் இந்த 64 பேரைப் பார்த்ததே இல்ல.

நான் பார்த்திருக்கேன். ஒருத்தரைப் பத்திச் சொல்றேன்.

தாளடி நடவு சமயம், விடியக்காலை. டி.வி.எஸ் எக்ஸ்.எல்-ல நாத்துக்கட்டு வச்சுக்கிட்டு வந்த அம்பது வயசுக்காரர். மோதினது ஒரு பெரிய எஸ்.யூ.வி. டீசல் வண்டி, எலக்ட்ரிக் இல்ல, அதையும் சொல்லிடறேன். ஓட்டினவர் நல்ல மனுஷன், தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக் கொண்டாந்துட்டார். அவர் சட்டையில மடிப்புகூட கலையல. அடிபட்டவர் "இடுப்புதான் லேசா வலிக்குது சார், வயல்ல ஆள் நிக்குது"ன்னார். முகம் வெளிறிக்கிடந்தது. இடுப்பெலும்பு உடைஞ்சா வெளியில ஒரு சொட்டு ரத்தம் தெரியாது, உள்ளுக்குள்ள லிட்டர் கணக்குல போகும். பெட்ஷீட்டை மடிச்சு, தொடை எலும்போட மேல்முனை இருக்கிற இடத்துல சுத்தி இறுக்கிக் கட்டி, ரெண்டு கையிலயும் ஊசி போட்டு, 108ல தஞ்சாவூருக்கு ஏத்தினோம்.

பிழைச்சார். எங்க ஊர் பாடைகட்டி மாரியம்மன் கோயில் தெரியுமில்ல? சாவு வரைக்கும் போய் மீண்டவங்க பங்குனியில பாடையில பிணம் மாதிரி படுத்து வந்து நேர்த்திக்கடன் செலுத்துவாங்க. அவரும் செலுத்தினார். வரப்புல ஏறி இறங்க மட்டும் இப்ப முடியாது. எக்ஸ்.எல்-ஐ வித்துட்டார்.

ஏன் இடுப்பு? தாழ்வான கார் நடந்து போறவரை மோதினா முதல்ல கால்ல படும், ஆள் பானெட் மேல சரிவார். கால் உடையும், தலைலயும் அடிபடலாம், ஆனா பிழைக்க ஒரு வழி இருக்கு. முகப்பு சுவர் மாதிரி உயர்ந்து நின்னா அடி நேரா இடுப்புலயும் நெஞ்சுலயும் விழும். ஆள் முன்னால தூக்கி எறியப்படுவார். அதே வண்டி அவர் மேலயே ஏறும். அமெரிக்காவுல ஐ.ஐ.எச்.எஸ்-ங்கற காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023ல கிட்டத்தட்ட 18,000 விபத்துகளை எடுத்துப் பார்த்தது. பானெட் 40 அங்குலத்துக்கு மேல உயர்ந்த வண்டி மோதினா, 30 அங்குலம் வரைக்கும் இருக்கிற சரிவான முகப்பு வண்டியை விட ஆள் சாகற வாய்ப்பு 45 சதவீதம் அதிகம்.

இதோட எடையைச் சேருங்க. இந்த மாதிரி எலக்ட்ரிக் எஸ்.யூ.வி எதுவானாலும் ரெண்டு டன் பக்கத்துல நிக்கும். எக்ஸ்.எல் சுமார் 90 கிலோ. சத்தத்தைக் கழிங்க. எங்க ஊர்ப் பெரியவங்க ரோட்டைக் கண்ணால பார்த்துக் கடக்கறதில்ல, காதால கேட்டுத்தான் கடக்கறாங்க. டிராக்டர், டவுன் பஸ், புல்லட், எல்லாம் சத்தத்துலயே அத்துப்படி. உங்க வண்டி வர்றது அவங்களுக்கு வராத மாதிரிதான்.

"டாக்டர், அவங்க ஹெல்மெட் போடறதில்ல, பாதி ரோட்ல நெல் காயப்போடறாங்க, இண்டிகேட்டர் போடாம திரும்பறாங்க." சரி, ஒத்துக்கறேன். ஹெல்மெட்டுக்காக நான் திட்டாத நோயாளி இல்ல. அதுக்கு இடுப்பு உடையறது தண்டனையா? கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் அதிகம்னு திருப்பி அனுப்பினா நெல்லை எங்கதான் காயவைப்பாங்க? களம் எங்க இருக்கு?

"எலக்ட்ரிக் பூமிக்கு நல்லது." புகை குறையறது நல்லதுதான், மூச்சுத்திணறலோட வர்றவங்களைத் தினமும் பார்க்கிறவன் நான். ஆனா 9இ-யோட 79 கிலோவாட் அவர் பேட்டரியில, ஓசூர்ல செய்யற டி.வி.எஸ் ஐக்யூப் 3.5 கிலோவாட் அவர் மாடல் 22 வண்டிக்குப் பேட்டரி போடலாம். பூமி மேல அவ்வளவு பாசம்னா இதையும் யோசிங்க.

"என் காசு, என் கார்." இதுலதான் எனக்குக் கோபம். எலக்ட்ரிக் காருக்கு விலை 49 லட்சமானாலும் ஜி.எஸ்.டி 5 சதவீதம். எக்ஸ்.எல் வாங்கினவர் 2025 செப்டம்பர் வரைக்கும் 28 கட்டினார், இப்ப 18. தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல போற பெட்ரோல் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம், பேட்டரி காருக்கு அரசு அதை முழுசா விட்டுக்கொடுத்து வந்திருக்கு. 49 லட்சத்துக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 10 லட்சம். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையையும் 2021ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல அரசுதான் பார்க்குது. வண்டிக்கும் அவர் பங்கு இருக்கு, கட்டுக்கும் அவர் பங்கு இருக்கு. வாங்கும்போது அவரை ஒரு வார்த்தை நினைச்சுப் பார்க்கக் கூடாதா?

பொறாமைன்னு சொல்வீங்க. கொஞ்சம் இருக்கு. 9இ-யோட மூணு ஸ்க்ரீனைப் பார்த்துட்டு வந்து என் பழைய கார்ல உட்கார்ந்தப்போ மனசு லேசா வலிச்சது உண்மை.

சரி, பதில். இந்த ரெண்டுல ஒண்ணுதான்னா ஐ.எக்ஸ்.1. அகலம் சுமார் ஆறு சென்டிமீட்டர் குறைவு, உயரமும் குறைவு, பாய்ச்சலும் குறைவு. வெளியில இருக்கிறவருக்காக எங்கயோ ஒரு இடத்துல பரிட்சை எழுதின குடும்பம். 18 லட்சம் கூட ஆகுதேன்னா, இன்னும் தாழ்வான, சின்ன எலக்ட்ரிக் கார் இருக்கு, அதைப் பாருங்க. எதை வாங்கினாலும் ஆள் குறுக்க வந்தா தானா பிரேக் பிடிக்கிற வசதி நீங்க எடுக்கிற வேரியன்ட்ல இருக்கான்னு எழுத்துல கேளுங்க. பீப் பீப்னு கத்துதுன்னு அதை ஆஃப் பண்ணிடாதீங்க. ஆஃப் பண்ணிட்டு ஓட்டற மூணு டாக்டர் எனக்கே தெரியும்.

ஷோரூம் போறப்போ இன்ச் டேப் ஒண்ணு எடுத்துக்கிட்டு, வீட்டுல நாலஞ்சு வயசுக் குழந்தை இருந்தா கூட்டிட்டுப் போங்க. நின்னுக்கிட்டிருக்கிற கார் பானெட்டுக்கு முன்னால ஒட்டினாப்புல நிக்கவைங்க, பக்கத்துல உங்க வீட்டம்மா இருக்கட்டும். நீங்க டிரைவர் சீட்ல உட்காருங்க. குழந்தை தலை தெரியுதா? தெரியலேன்னா ஒவ்வொரு அடியா பின்னால போகச் சொல்லுங்க. எத்தனையாவது அடியில தலை தெரியுதுன்னு ரெண்டு கார்லயும் அளந்து கமெண்ட்ல போடுங்க. ரேஞ்ச் பத்தி அப்புறம் பேசலாம்.