பீச் ரோடு 7:30க்கு திறந்துடும்... அப்புறம் சைக்கிள் எங்கே போகும்?

புதுச்சேரியில் ஒரு மோட்டார் வண்டிகூட குறுக்கே வராமல் சைக்கிள் ஓட்ட முடியுமா? முடியும். தினமும் முடியும். அதுக்கு எந்த ஆப்பும் டவுன்லோடு பண்ண வேண்டாம், கடிகாரம் பார்க்கத் தெரிஞ்சா போதும். மாலை 6 மணிக்கு பீச் ரோட்டுக்கு வரும் வீதிகளில் பேரிகார்டு போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை 7:30 வரை காருக்கும் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அங்கே வேலை இல்லை.

இந்த ரோட்டின் பெயர்ப்பலகைப் பெயர் குபேர் அவென்யூ. புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயர். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோவில் ஏறுகிறவர் யாரும் கிடையாது. எல்லாருக்கும் பீச் ரோடுதான். நீளம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. சாதாரண சைக்கிளில், மூச்சு வாங்காமல் மிதித்தால், மணிக்கு 15 கிலோமீட்டர் போகலாம். ஒன்றரை கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்? ஆறு நிமிஷம். இன்ஸ்டா ரீல்ஸ்ல ஸ்லோ மோஷனில் ஓடும் நம்ம ஊரின் வண்டியில்லா சைக்கிள் பாதை மொத்தமே அவ்வளவுதான்.

அந்த ஆறு நிமிஷத்தை ஒழுங்காகப் பயன்படுத்துவது எப்படின்னு முதல்ல சொல்லிடறேன். அதுக்கு அப்புறம்தான் புகார்.

எப்போ கிளம்பணும்?

மாலை ஆறு மணிக்கு மேல் வேண்டாம். வண்டி இல்லைதான், ஆனால் ரோடு முழுக்க மனிதர்கள். குழந்தைகள் குறுக்கே ஓடும், தாத்தாக்கள் நடுரோட்டில் நின்று அரசியல் பேசுவார்கள், ஜோடிகள் ஐஸ்க்ரீமும் கையுமாக நடப்பார்கள். அவர்களுக்கான நேரம் அது. அந்த நேரத்தில் மணியடித்துக்கொண்டு வழி கேட்கும் சைக்கிள்காரர், ஹாரன் அடிக்கும் கார்காரரைவிட எந்த விதத்திலும் உசத்தி இல்லை. இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள்.

மிதிக்க நல்ல நேரம் விடியற்காலைதான். அதிலும் சீசன் பார்க்கணும். மே மாசக் கடைசியில் சூரியன் 5:40-ஐ ஒட்டி கடலிலிருந்து எழுந்துவிடும். 7:30 வரை கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வெளிச்சம் கையில் இருக்கும். ஜனவரி நடுவில் சூரியோதயமே ஆறரை மணிக்குத்தான். கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். சுற்றுலாக் கூட்டம் அதிகமாக வரும், வெயில் கொல்லாத அந்த மாதத்தில்தான் நேரம் குறைவு. கடிகாரத்தை வைத்து ரோட்டை மூடுவதில் இருக்கும் சின்ன வேடிக்கை இது.

வடக்கு முனையில் தொடங்கி தெற்கே போனால் கடல் இடது கைப் பக்கம் வரும். 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த எட்டு கல்தூண்களுக்கு நடுவே நிற்கும் காந்தி சிலை, முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்கான பிரெஞ்சு நினைவகம், தெற்கு முனையில் துய்ப்ளேக்ஸ் சிலை. எல்லாம் நீங்க ஏற்கெனவே போட்டோ எடுத்த இடங்கள்தான். மூன்று தடவை போய் வந்தால் ஒன்பது கிலோமீட்டர். ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அது போதும்.

போர் அடிச்சா, ஒயிட் டவுனுக்குள் திரும்பிடலாம். துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி, ரொமேன் ரோலண்ட் வீதி என எல்லாம் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் வீதிகள். பிரெஞ்சு வீதின்னு சொல்லி வித்தாலும், இந்தக் கட்டம் போட்ட அமைப்பின் வரைபடம் 1690-களில் சில வருஷம் புதுச்சேரியைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்டது. ஊர் தட்டையானது, மேடே இல்லை. கியர் இல்லாத பழைய ஹெர்குலிஸ் தாராளமாகப் போதும். காலை ஏழு மணிக்கு முன்னால் இந்த வீதிகளில் பால் வண்டியும் பேப்பர் போடும் சைக்கிளும் தவிர அதிகம் எதுவும் இல்லை.

பிரச்சினை ஆறு நிமிஷத்துக்கு வெளியே

மேலே சொன்ன பிளான் எல்லாம் ஒயிட் டவுனில் ஏற்கெனவே இருப்பவருக்கு. அதாவது ஹோட்டலில் ரூம் போட்டவருக்கு. ரெட்டியார்பாளையத்தில் இருக்கிற உங்களுக்கு, பீச் ரோட்டுக்கு முன்னால் இந்திரா காந்தி சதுக்கம் இருக்கிறது. லாஸ்பேட்டை என்றால் ராஜீவ் காந்தி சதுக்கம். பஸ்ஸும் லாரியும் சேர்ந்து திரும்பும் அந்த சிக்னல்களில் சைக்கிளோடு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து வரும் ஹாரன் சத்தமே பாதிப் பேரை சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே போடவைத்துவிடும்.

சரி, ஆரோவில் போகலாமே? உள்ளே மர நிழலில் செம்மண் சைக்கிள் பாதைகள் உண்டு, அருமையாக இருக்கும். ஆனால் டவுனிலிருந்து அங்கே போகும் பத்து கிலோமீட்டரில் ஈ.சி.ஆர். குறுக்கே வரும். பாதையின் இரண்டு முனையும் பாதுகாப்பு, நடுவில் கடவுள் துணை. பலர் சைக்கிளை காரில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டிவிட்டு வருகிறார்கள். சைக்கிள் ஓட்ட கார் வேணும்!

இதைவிட எனக்கு உறுத்துவது அந்த 7:30 தான். பேரிகார்டு விலகும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளம்பும் நேரம். ஹோட்டல்களில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள், கட்டட வேலைக்கு டிபன் கேரியரோடு மிதிக்கும் அண்ணன்கள் எல்லாரும் ரோட்டுக்கு வரும் நேரம். உடம்பு குறைக்க மிதிக்கும் நமக்கு வண்டியில்லா ரோடு கிடைக்கிறது. வயிற்றுக்காக மிதிக்கிறவர் வரும்போது சரியாகத் திறந்துவிடுகிறோம். பீச் ரோட்டை ஒரு பூங்கா மாதிரி நடத்துகிறோம், போக்குவரத்தில் ஒரு அங்கமாக யோசிக்கவே இல்லை என்பது இந்த ஒரு நேரக் குறிப்பிலேயே தெரிகிறது.

சைக்கிள் ஏழைகளின் வண்டி என்ற எண்ணமும் இதில் கலந்திருக்கிறது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2001-02-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், 90-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் தண்ணீர் எடுக்க, குவாரி வேலைக்குப் போக, வகுப்புக்குப் போக யாருடைய துணையும் இல்லாமல் கிளம்பினார்கள். சைக்கிள் என்ன செய்யும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சைக்கிளைக் கொடுத்தோம், ஓட்டவும் கற்றுக்கொடுத்தோம், ஓட்ட இடம் விடுவதை மட்டும் மறந்துட்டோம்.

பேரிகார்டு போதும், சிமென்ட் வேண்டாம்

சைக்கிள் பாதை என்றதும் கோடிக்கணக்கில் டெண்டர், பச்சை பெயின்ட், ஆறு மாசத்தில் அதன்மேல் பார்க்கிங் என்று உங்களுக்குப் படம் ஓடும். நியாயமான பயம். அதனால்தான் நான் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவைச் சொல்வேன்.

1974-ல் அங்கே 'சிக்லோவியா' என்ற பெயரில் ஒரு பழக்கம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 7 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை நகரத்தின் முக்கிய சாலைகளில் மோட்டார் வண்டிகள் நிறுத்தப்படும். இன்றைக்கு அது 120 கிலோமீட்டருக்கும் மேல். புதிதாக ஒரு சாலையும் போடவில்லை. திங்கட்கிழமை பஸ் ஓடும் அதே தார் ரோடுதான். தற்காலிகத் தடுப்பு, சந்திப்புகளில் வழிகாட்ட ஆட்கள், அவ்வளவே. இதில் கவனிக்க வேண்டியது நீளம்கூட இல்லை. அந்தப் பாதைகள் பணக்காரப் பகுதிகளையும் ஏழைகளின் பகுதிகளையும் ஒன்றோடொன்று இணைக்கின்றன. வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஏறி, ஊரின் மறுமுனை வரை போகலாம்.

இந்தியாவில் குருகிராம் 2013 நவம்பரில் 'ராஹ்கிரி' என்று இதைத் தொடங்கியது, பல நகரங்கள் பின்தொடர்ந்தன. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை வளாகமே வந்துவிட்டது (அந்தப் 'பாண்டி' நம்ம ஊர் இல்லை, சௌந்தரபாண்டியனார். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கு!). ரோட்டை தினமும் மூடித் திறக்கும் பழக்கம் இந்த ஊர்களைவிட நமக்குத்தான் கைவந்தது. பதின்மூன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஏழு நாள். நம்மிடம் இல்லாதது அதை மேற்கே நீட்டும் யோசனை.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஞாயிறு மட்டும், பீச் ரோட்டின் 7:30-ஐ 9:30 ஆக்கலாம். அதோடு அண்ணா சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் வரும் கிழக்கு-மேற்கு வீதிகளில் ஒன்றை அந்த நேரத்துக்கு மூடலாம். நேரு வீதி சரிப்படாது, பெரிய மார்க்கெட்டுக்கு லோடு இறங்கும் நேரம் அது. லால் பகதூர் சாஸ்திரி வீதியா, அதற்குப் பக்கத்து வீதியா என்பதை நாலு ஞாயிறு விடியற்காலை நின்று வண்டிகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாம். அண்ணா சாலையிலிருந்து கடற்கரைக்கு சைக்கிளில் பத்து நிமிஷம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிஷம் சேர்ந்தால், வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் ஒரு பத்து வயசுப் பொண்ணு அப்பாவின் பைக்கில் தொற்றிக்கொள்ளாமல், தானே ஓட்டிக்கொண்டு கடலுக்கு வரலாம்.

"கடைக்காரங்க ஒத்துக்குவாங்களா?"

முதலில் வரும் கேள்வி இதுதான். ஞாயிறு காலை 9:30-க்கு முன்னால் திறக்கும் கடைகள் எத்தனை? டீக்கடை, டிபன் கடை. சைக்கிள் ஓட்டிவிட்டு வருகிறவர் அங்கேதான் நிற்பார். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் நடக்கும்போது கார் நுழைய முடியாமல் போவதால் வியாபாரம் படுத்துவிட்டதா? கூட்டமே நடந்து வருகிற கூட்டம்தான்.

குடியிருப்பவர்களின் கவலை வேறு, அதை அப்படித் தள்ளிவிட முடியாது. ஆம்புலன்ஸ் வரணும், வயசானவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகணும், சர்ச்சுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீதிக்காரர்களுக்குப் பாஸும், நகர்த்தக்கூடிய தடுப்பும், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ஆளும் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. ஆனால் இது நம்ம போலீஸுக்குப் புதுசா? புத்தாண்டு இரவில் ஒயிட் டவுனுக்குள் வண்டிகளை நிறுத்தி, பார்க்கிங்கை வெளியே தள்ளி, மொத்தக் கூட்டத்தையும் நடக்கவைக்கிறவர்கள் அவர்கள்தான். வெளியூரிலிருந்து கொண்டாட வருகிறவர்களுக்காக ஒரு ராத்திரி செய்ய முடிவதை, உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் செய்ய முடியாது என்று சொன்னால் எனக்கு ஒட்டவில்லை.

சட்டத்தில் இடம் இருக்கான்னு கேட்டால், இருக்கு. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 115. பொதுப் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ குறிப்பிட்ட சாலையில் மோட்டார் வண்டிகளைத் தடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஒரு மாசத்துக்கு மிகாத தற்காலிகத் தடை என்றால் அரசிதழ் அறிவிப்புகூட வேண்டியதில்லை. அதாவது நாலு ஞாயிற்றுக்கிழமைகளை சோதனைக்காக நடத்திப் பார்க்க சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. யூனியன் பிரதேசத்தில் இந்தச் சட்டத்தின்படி 'மாநில அரசு' என்றால் நிர்வாகி, அதாவது துணைநிலை ஆளுநர். அவரது அலுவலகம் பீச் ரோட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

நகராட்சி, போக்குவரத்து போலீஸ், பொதுப்பணித் துறை மூன்றும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதுதான் உண்மையான தடை. வேறு எதுவும் பெரிசா தெரியலை.

அது நடக்கும் வரை, இந்த ஞாயிறு கிளம்புறவங்களுக்கு: டயரில் காற்று சனிக்கிழமையே அடித்து வையுங்கள், விடியற்காலையில் பஞ்சர் கடை திறந்திருக்காது. பின்பக்கம் ஒரு சிவப்பு லைட் கட்டாயம். வீட்டிலிருந்து பீச் ரோடு வரை இருட்டில்தான் வரப்போறீங்க. நடக்கிறவர்களுக்கு வழி விடுங்கள். 7:20-க்கு துய்ப்ளேக்ஸ் சிலைப் பக்கம் இருந்தால் இன்னொரு ரவுண்டு ஆசைப்படாமல் ஓரம் கட்டிடுங்க. பத்து நிமிஷத்தில் முதல் பைக் வந்துடும்.